பல் அடைப்பு: நாற்காலியில் சாய்வது முதல் கூச்சம் அடங்குவது வரை

வலியே இல்லாத பல்லில் சொத்தை இருக்கிறது, அடைத்தாக வேண்டும் என்கிறார் பல் மருத்துவர். சரியென்று அடைத்துக்கொண்டு வந்தால், அதுவரை சும்மா இருந்த பல் தண்ணீர் பட்டாலே கூசுகிறது. நன்றாக இருந்த பல்லைக் கெடுத்துவிட்டார்களோ என்ற சந்தேகம் அங்கேதான் பிறக்கிறது. அடுத்த முறை சொத்தை என்று சொன்னால் பலர் தள்ளிப்போடுகிறார்கள். தள்ளிப்போட்ட பல் ஒருநாள் இரவு தூங்கவிடாமல் வலிக்கும்போது, அடைத்துச் சரிசெய்யும் கட்டம் பெரும்பாலும் தாண்டிப்போயிருக்கும்.

அந்தச் சந்தேகத்துக்குப் பதில் உண்டு. பல்லுக்குள் என்ன இருக்கிறது, சொத்தை எந்த வழியில் போகிறது, நாற்காலியில் செய்யப்படும் ஒவ்வொரு வேலையும் எதற்காக என்று வரிசையாகப் பார்த்தால் அது விளங்கும். இவை அனைத்தையும் இணைக்கும் விஷயம் ஒன்று: அடைப்பும் பல்லும் சந்திக்கும் விளிம்பு கசியக் கூடாது. வெள்ளை அடைப்பா, உலோக அடைப்பா என்ற கேள்வியைவிட, அந்த விளிம்பு எவ்வளவு நன்றாக மூடப்பட்டிருக்கிறது என்பதே பல்லைக் காப்பாற்றுகிறது.

மூன்று அடுக்குகள்

1. எனாமல். வெளியே தெரியும் வெள்ளை ஓடு. எடையில் ஏறக்குறைய 96 விழுக்காடு தாதுப்பொருள். மனித உடலிலேயே மிகக் கடினமானது. இதில் நரம்பு கிடையாது. எனாமலை உருவாக்கும் செல்கள் பல் முளைத்து வெளியே வரும்போதே மறைந்துவிடுகின்றன. அதனால்தான் எலும்பு முறிந்தால் கூடுவதுபோல, குழி விழுந்த எனாமல் மறுபடி வளர்வதில்லை.

2. டென்டின். எனாமலுக்கு அடியில் உள்ள மஞ்சள் நிற அடுக்கு. எடையில் சுமார் 70 விழுக்காடு தாது, மீதி புரதமும் நீரும். கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் இதன் ஊடே பல்லின் நடுப்பகுதியை நோக்கி ஓடுகின்றன. அவற்றுக்குள் திரவம் இருக்கிறது. குளிர், சூடு, காற்று, இனிப்பு ஏதாவது பட்டு அந்தத் திரவம் அசையும்போது உள்ளே இருக்கும் நரம்பு அதை உணர்கிறது. நாம் பல் கூச்சம் என்று சொல்வது பெரும்பாலும் இந்த அசைவைத்தான்.

3. பல்கூழ். நடுவில் உள்ள மென்மையான பகுதி. நரம்பும் ரத்தக் குழாய்களும் இங்கே இருக்கின்றன. சுற்றிலும் கடினமான சுவர் இருப்பதால், இங்கே வீக்கம் வந்தால் விரிந்துகொடுக்க இடம் கிடையாது. பல் வலி அவ்வளவு கொடுமையாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்த வரிசையைப் பார்த்தாலே முதல் குழப்பம் பாதி தீரும். சொத்தை எனாமலுக்குள் இருக்கும்வரை வலிக்க வாய்ப்பே இல்லை. டென்டினுக்குள் நுழைந்த பிறகும் நெடுங்காலம் வலிக்காமல் இருக்கலாம். பல்கூழை நெருங்கும்போதுதான் பல் பேசத் தொடங்குகிறது. வலி இல்லாதபோது அடைப்பதுதான் சரியான நேரம். வலிக்காகக் காத்திருப்பது அந்த நேரத்தைக் கைவிடுவது.

சொத்தை போகும் வழி

பல்லின் மேல் படியும் மெல்லிய படலத்தில் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. நாம் சாப்பிடும் சர்க்கரையையும் மாவுப்பொருளையும் அவை அமிலமாக மாற்றுகின்றன. பல்லின் மேற்பரப்பில் அமில-கார அளவு (pH; இது குறையக் குறைய அமிலம் அதிகம்) ஏறக்குறைய 5.5-க்குக் கீழே போனால் எனாமலிலிருந்து தாது கரைந்து வெளியேறத் தொடங்கும். பிறகு உமிழ்நீர் அந்த அமிலத்தைச் சமன்செய்து, கரைந்த தாதுவில் ஒரு பகுதியைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். இந்த மீட்சிக்கு அரை மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகும். அந்த இடைவெளி கிடைக்காமல் அடிக்கடி எதையாவது கொறித்துக்கொண்டும் இனிப்பான பானத்தை உறிஞ்சிக்கொண்டும் இருந்தால், இழப்பு மட்டும் தொடரும். எவ்வளவு இனிப்பு என்பதோடு, ஒரு நாளில் எத்தனை முறை என்பதும் அவ்வளவு முக்கியம்.

தொடக்கநிலைச் சொத்தை எனாமலில் மங்கிய வெள்ளைத் திட்டாகத் தெரியும். மேற்பரப்பு உடையாத இந்த நிலையில் ஃபுளோரைடு, சுத்தம், உணவுப் பழக்கம் ஆகியவற்றைக் கொண்டே அதை நிறுத்தவும் ஓரளவு மீட்கவும் முடியும். எனவே எல்லாச் சொத்தையும் அடைக்கப்பட வேண்டியதல்ல. "இப்போது வேண்டாம், சில மாதம் கழித்துப் பார்ப்போம்" என்று ஒரு மருத்துவர் சொன்னால் அது அலட்சியம் அல்ல. அவசரப்பட்டுத் துளையிடாத அந்த நிதானத்தை மதிக்க வேண்டும்.

மேற்பரப்பு உடைந்து குழி விழுந்துவிட்டால் நிலைமை வேறு. பிரஷ் நுழையாத அந்தக் குழிக்குள் பாக்டீரியா பாதுகாப்பாக இருந்துகொண்டு வேலை செய்யும். டென்டின் எனாமலைவிட மென்மையானது என்பதால், உள்ளே போன சொத்தை பக்கவாட்டிலும் பரவும். மேலே ஊசிமுனை அளவு கறுப்புப் புள்ளி, அடியில் பெரிய பொந்து என்பது அடிக்கடி காணக்கூடியது. "இத்தனூண்டு புள்ளிக்கு இவ்வளவு தோண்டினார்களே" என்ற வருத்தம் பலருக்கு வருவது இதனால்தான். மருத்துவர் பெரிதாக்கியதாகத் தோன்றும் குழியில் பெரும்பகுதி ஏற்கெனவே அங்கே இருந்தது.

இரண்டு பற்கள் ஒட்டி நிற்கும் இடுக்கில் வரும் சொத்தை கண்ணாடியில் பார்த்தாலும் தெரியாது. அதற்காகத்தான் சிறிய எக்ஸ்ரே எடுக்கிறார்கள். அதில் படும் கதிர்வீச்சு மிகக் குறைவு; ஆனாலும் கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். எக்ஸ்ரேயில் தெரிவதைவிட உண்மையான சொத்தை சற்று ஆழமாகவே இருக்கும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. சிறிய அடைப்பு என்று தொடங்கியது நடுவில் பெரிதாவது அதனால்தான்.

போவதற்கு முன் சொல்ல வேண்டியவை

இதய நோய், ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், ஆஸ்துமா, கர்ப்பம், ஏதேனும் மருந்துக்கு ஒவ்வாமை, தினமும் சாப்பிடும் மாத்திரைகள். இவற்றைக் கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், பல் அடைக்கப் போகிறோம் என்று தாங்களாகவே அதை நிறுத்திவிடக் கூடாது. சாதாரண அடைப்புக்கு அதை நிறுத்த வேண்டிய தேவை பொதுவாக எழுவதில்லை. வெறும் வயிற்றோடும் போக வேண்டாம். பயமும் பசியும் சேர்ந்தால் ஊசி போடும்போது மயக்கம் வரலாம்.

நாற்காலியில் நடப்பவை

ஒரு சாதாரண அடைப்பு இருபது நிமிடத்திலும் முடியலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். பின்வரும் வரிசை எல்லா இடத்திலும் ஏறக்குறைய இதேபோல்தான் இருக்கும்.

1. மரப்பு ஊசி.

சொத்தை மேலோட்டமாக இருந்தால் ஊசி தேவைப்படாமலும் போகலாம். தேவைப்பட்டால், முதலில் ஈறில் மரக்கச் செய்யும் களிம்பைத் தடவிவிட்டு ஊசி போடுவார்கள். பெரும்பாலும் லிக்னோகைன். ஸ்வீடன் வேதியியலாளர் நீல்ஸ் லோஃப்கிரென் 1943-ல் உருவாக்கிய இந்த மருந்து இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. ஊசி குத்துவதைவிட, மருந்து உள்ளே பாயும் அழுத்தமே அதிகம் தெரியும். மெதுவாகச் செலுத்தினால் வலி குறையும். மெதுவாகப் போடச் சொல்லிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

மேல்தாடை எலும்பு நுண்துளைகள் கொண்டது. பல்லுக்குப் பக்கத்திலேயே மருந்தைச் செலுத்தினால் ஊறி உள்ளே போய்விடும். கீழ்த்தாடையின் கடைவாய்ப் பற்களைச் சுற்றியுள்ள எலும்பு அடர்த்தியானது. மருந்து எளிதில் ஊறாது. எனவே வாயின் பின்பக்கம், நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்துக்கு அருகில் ஊசி போடுகிறார்கள். ஒரு பல்லுக்காகப் போன இடத்தில் கீழுதட்டில் பாதியும் நாக்கில் பாதியும் மரத்துப்போவது இதனால்தான். கீழுதடு தடித்ததுபோல் தோன்றுவது ஊசி சரியாக வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம்.

ஊசி மருந்தோடு பெரும்பாலும் மிகச் சிறிய அளவில் அட்ரினலின் கலந்திருக்கும். அது ரத்தக் குழாய்களைச் சுருக்கி, மருந்தை அந்த இடத்திலேயே நெடுநேரம் தங்கவைக்கும். ஊசி போட்டதும் சிலருக்கு ஓரிரு நிமிடம் நெஞ்சு படபடப்பது அதன் விளைவு. பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். ஆனாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

மரத்த பிறகும் அழுத்தமும் அதிர்வும் தெரியும். அவற்றைக் கொண்டுசெல்லும் நரம்பிழைகளை மரக்கச் செய்வது வலி இழைகளை மரக்கச் செய்வதைவிடக் கடினம். அழுத்துவது தெரிந்தால் பயப்பட வேண்டாம். சுருக்கென்று வலித்தால் கையைத் தூக்கி நிறுத்தச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே கடுமையாக வீங்கி வலிக்கும் பல்லில் திசு அமிலத்தன்மை அடைந்திருப்பதால் மருந்து சரியாக வேலை செய்யாமல் போகலாம். வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

2. சொத்தையை எடுத்தல்.

காதைத் துளைக்கும் அந்தச் சத்தம், காற்றின் விசையில் நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் கருவியுடையது. அந்த வேகத்தில் உண்டாகும் சூடு பல்கூழைத் தாக்காமல் இருக்கத்தான் கூடவே தண்ணீர் பீய்ச்சப்படுகிறது. தொண்டையில் தண்ணீர் சேர்வது எரிச்சலாக இருந்தாலும் அது பல்லைக் காக்கும் தண்ணீர். உள்ளே மென்மையான பகுதியை அடைந்ததும் மெதுவாகச் சுழலும் கருவிக்கு மாறுவார்கள். அதன் சத்தம் குறைவு. தாடை முழுக்கத் தடதடக்கும் அதிர்வு அதிகம். சிறு கரண்டி போன்ற கருவியால் சுரண்டி எடுப்பதும் உண்டு.

எங்கே நிறுத்துவது? இந்தக் கேள்விக்கான விடை நூறாண்டுகளில் மாறியிருக்கிறது. அமெரிக்கப் பல் மருத்துவர் ஜி. வி. பிளாக் 1908-ல் வெளியிட்ட நூலில் வகுத்த முறைப்படி, எதிர்காலத்தில் சொத்தை வரக்கூடிய நல்ல பகுதியையும் சேர்த்தே வெட்டி எடுத்தார்கள். அன்றைய அடைப்புப் பொருள் பல்லோடு ஒட்டாது. விழாமல் பிடித்துக்கொள்ள ஒரு வடிவம் தேவைப்பட்டது. 1955-ல் அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவோனகோர் எனாமலை அமிலத்தால் பதப்படுத்தினால் பிசின் அதில் ஒட்டும் என்று காட்டிய பிறகு அந்தக் கட்டாயம் தளர்ந்தது. இன்று கெட்ட பகுதியை மட்டும் எடுத்தால் போதும்.

சொத்தை மிக ஆழமாக இருந்தால், விளிம்புகளை முழுவதும் சுத்தம் செய்துவிட்டு, பல்கூழுக்கு நேர்மேலே இருக்கும் கொஞ்சம் மென்மையான டென்டினை வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள். அதையும் சுரண்டினால் பல்கூழ் திறந்துகொள்ளும். "கொஞ்சம் உள்ளேயே விட்டிருக்கிறேன்" என்று மருத்துவர் சொல்லும்போது பதறத் தேவையில்லை. மேலே விளிம்பு இறுக்கமாக மூடப்பட்டால் உள்ளே மாட்டிக்கொண்ட பாக்டீரியாவுக்கு உணவு வராது; சொத்தை ஓய்ந்துவிடும். விளிம்பு கசிந்தால் இந்தக் கணக்கு முழுவதும் தப்பிவிடும்.

3. ஈரம் தடுத்தல்.

நோயாளிக்கு அலுப்பாகவும் சிகிச்சைக்கு உயிராகவும் இருக்கும் கட்டம் இது. கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே பஞ்சுச் சுருள்களை வைப்பார்கள், உறிஞ்சும் குழாயைத் தொங்கவிடுவார்கள். சில இடங்களில் பல்லைச் சுற்றி மெல்லிய ரப்பர் திரையை மாட்டுவார்கள். திரை மாட்டினால் மூச்சு முட்டும் என்று பலர் மறுக்கிறார்கள். மூக்கால் தடையின்றி மூச்சு விடலாம்; துகள்களும் தண்ணீரும் தொண்டைக்குள் போகாமலும் அது தடுக்கும். மூக்கடைப்பு இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

பதப்படுத்திய பல்லின் மேல் ஒரு துளி எச்சிலோ ரத்தமோ பட்டால் பசை சரியாகப் பிடிக்காது. பார்வைக்கு அடைப்பு அழகாகவே இருக்கும். மாதங்கள் கழித்துத்தான் விளிம்பு கசிவது தெரியவரும். எச்சில் விழுங்க வேண்டியிருந்தால் கையசைத்துத் தெரிவித்துவிட்டு விழுங்குங்கள். அந்தச் சில நிமிடங்கள் வாயைத் திறந்தபடி அசையாமல் இருப்பது நோயாளி தன் பல்லுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி.

4. பட்டையும் ஆப்பும்.

பல்லின் பக்கச் சுவர் போயிருந்தால் மட்டும் இது தேவைப்படும். கான்கிரீட் கொட்டும் முன் பலகை அடிப்பதைப் போல, பல்லைச் சுற்றி மெல்லிய உலோகப் பட்டையைக் கட்டி, இடுக்கில் சிறிய ஆப்பைச் செருகுவார்கள். பற்களை நெம்புவதுபோன்ற அழுத்தம் வரும். இதைச் சரியாகச் செய்தால்தான் பக்கத்துப் பல்லோடு தொடர்பு இறுக்கமாக அமையும். இல்லாவிட்டால் அந்த இடுக்கில் சாப்பிடும்போதெல்லாம் உணவு மாட்டும்.

5. அமிலம், பசை, நீல ஒளி.

வெள்ளை அடைப்பு என்றால், ஏறக்குறைய 37 விழுக்காடு பாஸ்பாரிக் அமிலம் கொண்ட களிம்பை எனாமலில் 15 விநாடி அளவுக்கு வைத்துக் கழுவுவார்கள். நாக்கில் ஒரு துளி பட்டால் கடும் புளிப்பு. கழுவி உலர்த்திய எனாமல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துத் தெரியும். அதில் உண்டான நுண்ணிய பள்ளங்களுக்குள் பசை இறங்கி இறுகுகிறது. பல்லும் அடைப்பும் கைகோத்துக்கொள்வது இங்கேதான்.

பிறகு அடைப்புப் பொருளை ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைத்து, ஒவ்வொன்றையும் நீல ஒளியால் சில விநாடிகள் இறுக்குவார்கள். இறுகும்போது அந்தப் பொருள் கன அளவில் 2, 3 விழுக்காடு சுருங்கும். ஒரேயடியாக நிரப்பினால் அந்தச் சுருக்கம் விளிம்பை இழுத்துப் பிளக்கும். ஒளியும் அடிவரை எட்டாது. தடிமனாக வைக்கக்கூடிய புதிய வகைகளும் வந்துவிட்டன. அந்த ஒளியை உற்றுப் பார்க்கக் கூடாது. ஆரஞ்சு நிறத் தடுப்பு அதற்காகத்தான்.

6. கடித்துப் பார்த்தல்.

நீல நிறத் தாள் ஒன்றைப் பற்களுக்கிடையே வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். தாடையைப் பக்கவாட்டில் அரைக்கச் சொல்வார்கள். அடைப்பு மற்ற இடங்களைவிட உயர்ந்திருந்தால் அங்கே அழுத்தமான நீலப் புள்ளி விழும்; அதை மட்டும் தேய்த்துவிட்டு மறுபடி தாளை வைப்பார்கள். நல்ல நிலையில் இருக்கும் வாய், தலைமுடியின் தடிமனைவிடக் குறைவான மேட்டைக்கூடக் கண்டுபிடித்துவிடும். மரத்த வாயால் அது முடியாது. எங்கே கடிக்கிறோம் என்றே தெரியாத நிலையில் "சரியாக இருக்கிறது" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு எழுந்துவிடாதீர்கள். சந்தேகமாக இருந்தால் இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.

எந்தப் பொருள்?

1. காம்போசிட். பல் நிறத்தில் இருக்கும் பிசினும் கண்ணாடித் துகளும் கலந்தது. இன்று அதிகம் பயன்படுவது இதுதான். பல்லோடு ஒட்டும், குறைவாக வெட்டினால் போதும். ஈரம் ஆகாது.

2. கிளாஸ் அயனோமர். பிரிட்டன் அறிவியலாளர்கள் ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் 1970-களின் தொடக்கத்தில் அறிமுகப்படுத்திய சிமெண்ட். பல்லோடு தானாக ஒட்டிக்கொண்டு ஃபுளோரைடை வெளியிடும். பால்பல், ஈறோரச் சொத்தை, ஈரத்தை முழுதும் தடுக்க முடியாத இடம் ஆகியவற்றுக்கு ஏற்றது. கடித்து அரைக்கும் பெரிய பரப்பில் காம்போசிட் அளவுக்குத் தாங்காது.

3. அமால்கம். வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவற்றோடு எடையில் ஏறக்குறையப் பாதி பாதரசம் சேர்ந்த சாம்பல் நிறக் கலவை. உறுதியானது, ஈரத்தைச் சகித்துக்கொள்ளும்.

அமால்கம் பற்றி வரும் செய்திகள் நிறையப் பேரைக் கலங்கவைக்கின்றன. பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான மினமாட்டா உடன்படிக்கை 2013-ல் உருவாகி 2017-ல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் மருத்துவக் காரணம் இருந்தாலொழிய பல் அமால்கம் கூடாது என்று 2025 ஜனவரி 1 முதல் நிறுத்தியது. இவற்றின் முதன்மை நோக்கம் காற்றிலும் நீரிலும் பாதரசம் சேராமல் தடுப்பது. அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள், சிறுநீரகம் பாதிக்கப்பட்டோர், சில நரம்பு நோய் உள்ளோர் போன்றவர்களுக்குப் புதிதாக அமால்கம் வைப்பதைக் கூடியவரை தவிர்க்கச் சொன்னது. அதே அறிவிப்பில், நல்ல நிலையில் இருக்கும் பழைய அமால்கமைத் தேவையின்றி எடுக்க வேண்டாம் என்றும் சொன்னது. தோண்டி எடுக்கும்போதுதான் ஆவி அதிகமாக வெளியேறும்; நல்ல பல்லும் கொஞ்சம் போகும். செய்தியைப் படித்துவிட்டு இருக்கும் அடைப்பையெல்லாம் மாற்றச் சொல்லி ஓடுவது தவறு.

இவை தவிர, கிராம்பு வாசனை வரும் தற்காலிக அடைப்பு ஒன்று உண்டு. ஆழமான சொத்தையில் பல் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பதற்கோ, அடுத்த சிகிச்சை வரையிலோ அதை வைப்பார்கள். வலி அடங்கிவிட்டதே என்று திரும்பிப் போகாமல் இருந்துவிட்டால், அது தேய்ந்து கசிந்து பல் உள்ளுக்குள் கெட்டுப்போகும்.

மரப்பு இறங்கும்வரை

உதடும் நாக்கும் பழைய நிலைக்கு வர இரண்டிலிருந்து ஐந்து மணி நேரம் வரை ஆகலாம். அதுவரை மென்று சாப்பிட வேண்டாம், கொதிக்கக் கொதிக்க எதையும் குடிக்க வேண்டாம். குழந்தைகளை இந்த நேரத்தில் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும். மரத்த உதட்டை வேடிக்கையாகக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள். மரப்பு இறங்கிய பிறகு அது வீங்கி வலிக்கும்.

காம்போசிட் நாற்காலியிலேயே இறுகிவிடும் என்பதால், மரப்பு இறங்கியதும் சாப்பிடலாம். அமால்கம் முழு வலிமை பெற ஒரு நாள் ஆகும். அன்று அந்தப் பக்கம் கடினமானதை மெல்லக் கூடாது.

கூச்சம்: எது இயல்பு, எது இல்லை

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். சொத்தை மெல்ல மெல்லப் பரவியபோது பல் அதற்குப் பழகிக்கொண்டு சத்தமில்லாமல் இருந்தது. ஒரே அமர்வில் துளையிடுதல், உலர்த்துதல், அமிலம், சுருங்கும் அடைப்பு என்று எல்லாவற்றையும் அது சந்தித்திருக்கிறது. டென்டின் குழாய்களில் திரவம் கலங்கியிருக்கிறது, பல்கூழ் சற்றுச் சிவந்திருக்கிறது. கையில் சிராய்ப்பு பட்டால் சில நாள் தொட்டால் எரிகிறதே, பல்லும் அதேபோல் ஆறக் காலம் கேட்கிறது. பல் கெட்டுவிட்டது என்பதற்கு இந்தக் கூச்சம் அடையாளம் அல்ல.

இயல்பானவை:

1. குளிர்ச்சி பட்டால் சுருக்கென்று கூசி, சில விநாடியில் போய்விடுவது. சில நாட்களிலிருந்து இரண்டு மூன்று வாரம் வரை நீடிக்கலாம்; நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வர வேண்டும்.
2. ஊசி போட்ட இடத்திலும் பட்டை கட்டிய ஈறிலும் ஓரிரு நாள் வலி.
3. வாயை நெடுநேரம் திறந்து வைத்ததால் தாடை பிடித்துக்கொள்வது.

மருத்துவரிடம் திரும்பிப் போக வேண்டியவை:

1. கடித்தால் மட்டும் வலி. பெரும்பாலும் அடைப்பு சற்று உயர்ந்திருக்கிறது. கொஞ்சம் தேய்த்தால் சரியாகிவிடும். ஐந்து நிமிட வேலை, பெரும்பாலும் ஊசியும் தேவைப்படாது. தானாகத் தேய்ந்துவிடும் என்று வாரக்கணக்கில் பொறுத்துக்கொள்வதால் பல்லின் வேரைச் சுற்றியுள்ள திசுதான் வீங்கும்.
2. சூடு பட்டால் வலித்து, சூடு போன பிறகும் வலி அரை நிமிடத்துக்கு மேல் நிற்பது, எதுவும் படாமலேயே விண்விண் என்று வலிப்பது, தூக்கத்திலிருந்து எழுப்புவது. பல்கூழ் மீள முடியாத அளவுக்கு வீங்கிவிட்டது என்பதன் அறிகுறிகள் இவை. ரூட் கெனால் எனப்படும் வேர் சிகிச்சை தேவைப்படலாம்.
3. அடைத்த இடுக்கில் உணவு சிக்குவது, இடுக்கைச் சுத்தம் செய்யும் பல் இழை (ஃபிளாஸ்) அங்கே நார்நாராகக் கிழிவது. விளிம்பில் படியோ இடைவெளியோ இருக்கிறது.
4. மறுநாளும் உதடோ நாக்கோ மரத்தே இருப்பது.
5. கன்னம் வீங்குவது, சீழ், காய்ச்சல். அன்றே பார்க்க வேண்டும். வீக்கத்தோடு விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தால் நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இரண்டாவது வகையில் நோயாளிகளுக்கு வரும் கோபம் புரிந்துகொள்ளக் கூடியது. அடைத்த சில வாரத்தில் வேர் சிகிச்சை என்றால் யாருக்கும் ஏமாற்றமாகத்தான் இருக்கும். பல்கூழ் எந்த நிலையில் இருக்கிறது என்று வெளியிலிருந்து துல்லியமாகக் காட்டும் சோதனை கிடையாது. குளிர் வைத்துப் பார்ப்பது, தட்டிப் பார்ப்பது, எக்ஸ்ரே எல்லாம் சேர்ந்து ஓர் அனுமானத்தைத் தரும், அவ்வளவுதான். ஆழமான சொத்தையில், இது அடைப்போடு நிற்கலாம், வேர் சிகிச்சை வரை போகவும் செய்யலாம் என்பதை மருத்துவர் கருவியைக் கையில் எடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் நாம் கேட்டு வாங்க வேண்டும்.

எவ்வளவு காலம் நிற்கும்?

சிறிய அடைப்பு, நன்றாகப் பராமரிக்கும் வாயில், பத்தாண்டும் அதற்கு மேலும் நிற்கும். பெரிய அடைப்பு, பின் கடைவாய்ப் பல், இரவில் பல்லைக் கடிக்கும் பழக்கம், புதிது புதிதாகச் சொத்தை வரும் வாய் ஆகியவை ஆயுளைக் குறைக்கும். பல்லின் பெரும்பகுதி போய்விட்டிருந்தால் அடைப்பு மட்டும் தாங்காது. மிச்சமுள்ள சுவர் பிளந்துபோகும். அப்போது பல்லை மூடும் கேப் போடச் சொல்வார்கள்.

அடைப்புகள் தோற்பதற்கு இரண்டு காரணங்கள் முன்னால் நிற்கின்றன: ஒன்று உடைவது, மற்றது விளிம்பை ஒட்டி மறுபடி சொத்தை வருவது. செயற்கைப் பொருளுக்குச் சொத்தை வராது. அதைச் சுற்றி இருக்கும் பல்லுக்கு வரும். 1,000 முதல் 1,500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) ஃபுளோரைடு உள்ள பற்பசையால் காலையும் இரவு படுக்கும் முன்னும் துலக்கி, நுரையைத் துப்பிவிட்டு, நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காமல் விட்டால் அந்த ஃபுளோரைடு விளிம்பில் தங்கி வேலை செய்யும். இடுக்கில் அடைத்த பல் என்றால் பல் இழையும் வேண்டும்.

பழைய அடைப்பில் நிறம் மாறியிருக்கிறது என்பதற்காக மட்டும் அதை மாற்ற வேண்டியதில்லை. ஒவ்வொரு முறை முழுதாக எடுத்து அடைக்கும்போதும் குழி கொஞ்சம் பெரிதாகிறது; அடுத்த அடைப்பு பல்கூழுக்கு இன்னும் நெருங்குகிறது. விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் பழுது என்றால், அந்த இடத்தை மட்டும் திறந்து சரிசெய்ய முடியுமா என்று கேளுங்கள். பல நேரங்களில் முடியும். முழுவதும் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், விளிம்பில் எங்கே கசிவு, எங்கே சொத்தை என்பதை எக்ஸ்ரேயிலோ கைக்கண்ணாடியிலோ காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள்.